பெரியம்மாவுக்கு யாரும் கரண்டு வைக்கவில்லை

பெரியம்மா கிளினிக்கிலிருந்து வீடு திரும்பிய கால் மணி நேரத்தில் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. "நெஞ்சுல கரண்டு வெச்சுப் பாத்தாங்க. முனீஸ்வரன் புண்ணியம், தாங்கிக்கிட்டேன்." பக்கத்து வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். எதிர்வீட்டு மாமா, தனக்கும் ஒருமுறை வைத்தார்கள், ஆனால் தன் உடம்புக்கு அந்தக் கரண்டு பத்தவில்லை என்றார்.

நான்தான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன். பக்கத்திலேயே நின்றவன். நடந்தது வெறும் ஈசிஜி. அதைவிட, நான் ரங்கூனில் வைத்தியக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன். ஈசிஜி பெட்டியைத் திறந்து மூடுவதுதான் என் தொழில். என் வீட்டுக்குள்ளேயே இந்த நிலை என்றால் வெளியே எப்படி இருக்கும்? சரி, ஒருதரம் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குழப்பம் எங்கிருந்து வந்தது

மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உடம்பில் ஒட்டு என்கிற சின்ன ஒட்டுப்பட்டையும் கம்பியும் வைத்துச் செய்கிற வேலைகள் நாலைந்து இருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. முதுகு வலிக்குப் பிசியோதெரபியில் ஒட்டு வைத்து விறுவிறுவென்று கரண்டு விடுவார்கள். நரம்புப் பரிசோதனையில் மணிக்கட்டில் சுண்டிவிட்டது போல ஒரு சின்ன அடி கொடுத்து, அது விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். சினிமாவிலோ, திரையில் கோடு நேராகப் போனதும் டாக்டர் இரண்டு தட்டுகளை நெஞ்சில் வைத்து அழுத்த, நோயாளி கட்டிலிலிருந்து அரையடி எழும்புவார். (கோடு முற்றிலும் நேராகிவிட்ட இதயத்துக்கு அந்த ஷாக் கொடுப்பதே இல்லை. தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை ஒரு கணம் அடக்கி, ஒழுங்குக்குத் திரும்ப வழி விடத்தான் அது. சினிமாக்காரர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.)

இவையெல்லாம் உடம்புக்குள் மின்சாரத்தைக் கொடுக்கிற வேலைகள். ஈசிஜி அதற்கு நேர் எதிர். இதயம் தானாகவே உண்டாக்கும் மின்சாரத்தின் மங்கிய சாயலைத் தோல்மேலிருந்து பிடித்துக் காகிதத்தில் கோடாகப் போடுகிறது. மூளைக்கு அதே வேலையைச் செய்தால் ஈஈஜி. தசைக்குச் செய்தால் ஈஎம்ஜி. மூன்றுக்கும் தோலில் வைக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டுக்கு மின்முனை என்று பெயர். ஒட்டு, கிளிப், ரப்பர் குமிழ் வைத்த கிண்ணம் என்று எந்த உருவில் வந்தாலும் அது மின்முனைதான்.

உப்பில் ஓடும் மின்சாரம்

"ஒடம்புக்குள்ள எங்கடா கரண்டு? அப்ப நான் பல்பு எரிய வைக்கலாமா?" என்று பெரியம்மா கேட்டார். கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி.

சுவரில் ஓடும் செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் நகர்கின்றன. உடம்பில் கம்பி கிடையாது, உப்புத் தண்ணீர் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்ததும் அதன் துகள்கள் பிரிந்து, சில பிளஸ்ஸாகவும் சில மைனஸாகவும் தனித்தனியே நீந்தத் தொடங்கும். இப்படி மின்னேற்றம் சுமந்து நீந்தும் துகளுக்கு அயனி என்று பெயர். உடம்பின் மின்சாரம் என்பது அயனிகளின் போக்குவரத்து. நாம் குழம்பில் போடும் உப்பிலுள்ள சோடியமும், வாழைப்பழத்தில் இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தப் பொட்டாசியமும் இதில் முக்கியமானவை.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் ஒரு சின்னப் பை. பையின் சுவரில் நுண்ணிய பம்புகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். தூங்கும்போதும் நிற்காத வேலை. இதனால் வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் குவிகின்றன. உள்ளே குவிந்த பொட்டாசியம் தனக்கென்று உள்ள சின்ன வாசல்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும்; போகும்போது பிளஸ்ஸையும் எடுத்துக்கொண்டு போவதால் பையின் உட்பக்கம் மைனஸாகிவிடும். ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லுக்கு உள்ளும் வெளியும் சுமார் 90 மில்லிவோல்ட் வித்தியாசம். ஒரு மில்லிவோல்ட் என்றால் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டார்ச் லைட்டில் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட 16-ல் ஒரு பங்கு. பல்பு எரியாது, பெரியம்மா.

ஆனால் மடை திறக்கக் காத்திருக்கும் தண்ணீர் போல சோடியம் வெளியே முட்டிக்கொண்டு நிற்கிறது. தகுந்த தூண்டுதல் வந்ததும் சுவரில் அதற்கான வாசல்கள் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். மைனஸாக இருந்த உட்பக்கம் ஒரு கணம் பிளஸ்ஸாகும். செல் 'பற்றிக்கொண்டது' என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பற்றல்தான் தசையைச் சுருங்கச் சொல்லும் உத்தரவு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: உடம்பின் மின்சாரம் உப்பு அயனிகளால் ஆனது, ஒவ்வொரு செல்லும் தன் சுவரின் இரு பக்கமும் ஒரு வித்தியாசத்தைச் சேமித்து வைத்திருக்கிறது, பற்றும்போது அது ஒரு கணம் தலைகீழாகிறது.

அகல் வரிசை

கார்த்திகைக்கு வாசலில் நெருக்கமாக அகல் வைத்து ஏற்றியிருப்பீர்கள். ஒன்றின் சுடர் சாய்ந்து அடுத்த திரியில் பட்டால் அதுவும் பற்றும், அதிலிருந்து அதற்கடுத்தது. இதயத்தில் நடப்பது அதுதான். முதல் அகல் வலது மேலறையின் உச்சியில் இருக்கிறது. அதை ஏற்ற யாரும் வர வேண்டாம், தானே பற்றும். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. அங்கிருந்து சுடர் மேலறைகள் இரண்டிலும் பரவும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு குறுகலான வாசல். அங்கே பத்தில் ஒரு விநாடி போலத் தாமதம். மேலறை தன் ரத்தத்தைக் கீழறையில் கொட்டி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். அப்புறம் விரைவுப் பாதை வழியாகச் சுடர் இறங்கி, கனமான கீழறைகளைக் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் பற்ற வைக்கும்.

எரிந்த அகலுக்கு எண்ணெய் விட்டுத் திரி தூண்டினால்தான் மறுபடி ஏற்றலாம். செல்லும் அப்படியே. பொட்டாசியம் வெளியேறி, உட்பக்கம் பழையபடி மைனஸான பிறகுதான் அடுத்த துடிப்புக்குத் தயார்.

ஈசிஜி காகிதத்தில் வரும் மேடு பள்ளங்கள் இந்தக் கதையின் அத்தியாயங்கள். முதலில் வரும் சின்ன மேடு, பி அலை: மேலறைகள் பற்றுவது. அடுத்து ஊசி போல எழும்புவது கியூ-ஆர்-எஸ்: கீழறைகள் பற்றுவது. கீழறைச் சுவர் தடிமன் என்பதால் ஊசி உயரம். கடைசியில் வரும் மொழுக்கையான மேடு டி அலை: கீழறைகளுக்கு எண்ணெய் விடும் நேரம். மேலறைகளுக்கும் எண்ணெய் விட வேண்டுமே என்று கேட்டால், அது நடக்கும்போது கீழறையின் பெரிய ஊசி எழும்பிவிடுவதால் அந்தச் சத்தத்தில் இது காணாமல் போய்விடுகிறது.

ஊசிக்கும் டி அலைக்கும் நடுவே கோடு கொஞ்ச தூரம் தரையோடு தரையாகப் போகும். அந்த நேரத்தில் இதயம் சும்மா இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் கீழறைகள் இறுகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பிறகு ஏன் கோடு எழும்பவில்லை? அதற்குப் படகுத் துறைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

இரண்டு சம்பானும் ஒரு அலையும்

ரங்கூனின் பன்சோடான் படகுத் துறையில் நின்று எதிர்க்கரை டலா பக்கம் பாருங்கள். கொஞ்ச தூர இடைவெளியில் இரண்டு சம்பான் படகுகள் மிதக்கின்றன. நீங்கள் ஒன்றில் உட்கார்ந்து மற்றதைப் பார்க்கிறீர்கள். ரங்கூன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. ஏற்றம் வந்தால் இரண்டு படகும் சேர்ந்தே உயரும். நீங்கள் உயர்ந்ததே உங்களுக்குத் தெரியாது. எதிர்ப்படகு அதே மட்டத்தில்தான் இருக்கும். இப்போது ஒரு ஃபெரி கடந்து போகிறது. அதன் அலை முதலில் எதிர்ப்படகைத் தூக்குகிறது, பிறகு உங்கள் படகை. அந்த இடைவேளையில் இரண்டு படகின் மட்டமும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை வைத்து அலை எவ்வளவு பெரியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஈசிஜி கருவிக்குத் தெரிவதும் இந்த வேறுபாடு ஒன்றுதான். இதயத்தில் பற்றிய பகுதியும் இன்னும் பற்றாத பகுதியும் அடுத்தடுத்து இருக்கும்போது, அந்த எல்லையின் இரு பக்கமும் மின்னழுத்தம் வேறாக இருக்கிறது. சுற்றியுள்ள உடம்பு முழுக்க உப்புத் தண்ணீர் என்பதால் அந்த வேறுபாடு தேய்ந்து தேய்ந்து தோல் வரைக்கும் வந்து சேருகிறது. 90 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கிய செல்களின் ஆட்டம் தோலுக்கு வரும்போது சுமார் 1 மில்லிவோல்ட். கருவி இரண்டு மின்முனைகளை இரண்டு படகாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, கிடைத்ததைப் பெருக்கிக் கோடாகப் போடுகிறது. மின்சாரத்தில் இந்தக் கழித்தலுக்கு மின்னழுத்த வேறுபாடு என்று பெயர். ஒற்றை மின்முனையை மட்டும் வைத்து எதையும் அளக்க முடியாது. ஒரே படகில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பது போலத்தான்.

கோடு ஏன் தரையில் போனது என்பதும் இப்போது விளங்கும். கீழறை முழுவதும் பற்றிவிட்டால் எல்லைக்கோடே இல்லை. இரண்டு படகும் ஒரே மட்டம். வேறுபாடு பூஜ்யம். ஈசிஜி காட்டுவது மாற்றம் பரவுவதை. தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதை அல்ல.

இன்னொரு விஷயமும் இந்த உவமையிலேயே இருக்கிறது. அலை இரண்டு படகையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் தொட்டால், இரண்டும் சேர்ந்து எழும்; அலை வந்ததே தெரியாது. அதற்காகத்தான் படகு ஜோடிகளைப் பல திசைகளில் நிறுத்துகிறார்கள். வழக்கமான ஈசிஜியில் கை கால்களில் 4, நெஞ்சில் 6, ஆக 10 மின்முனைகள். அவற்றைப் பலவிதமாக ஜோடி சேர்த்துக் கழித்து 12 கோடுகளை எடுக்கிறார்கள். ஒவ்வொரு கழித்தலுக்கும் லீடு என்று பெயர். கம்பியையும் லீடு என்றே எல்லோரும் சொல்வதால், "பத்துக் கம்பியில் பன்னிரண்டு லீடு எப்படி?" என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் விழிப்பார்கள். லீடு என்பது ஒரு பார்வைக்கோணம். கம்பி, அதை எடுக்க உதவும் சாமான்.

இடது கையிலிருந்து வலது கையைக் கழித்தால் முதல் லீடு. இடது கை, வலது கைக் கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டால் கழித்தல் திரும்பி, அந்தக் கோடு அப்படியே குப்புற விழும். பார்க்கிறவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிற ஆளோ என்று ஒரு கணம் சந்தேகம் வரும். அப்படிப் பிறந்தவர்கள் உண்டு, ஆனால் கம்பி மாறுவது அதைவிட ரொம்பச் சாதாரணம். இங்கே சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால் என்று வரும் கருவிகளும் உண்டு, வேறு நிறம் வைக்கும் அமெரிக்க முறைக் கருவிகளும் உண்டு. அமெரிக்க முறையில் சிவப்பு இடது காலுக்குப் போகிறது. ஒரே அறையில் இரண்டும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உப்புத் தண்ணீரில் நின்ற நாய்

மனித இதயத்தின் மின்சாரத்தைத் தோல்மேலிருந்து முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர், 1887-இல், லண்டனில். அவர் தன் புல்டாக் நாய் ஜிம்மியையும் வைத்துச் செய்து காட்டுவார். உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாத்திரங்களில் நாயின் கால்கள் நிற்கும், பாத்திரத்திலிருந்து கம்பி கருவிக்குப் போகும். 1909-இல் ராயல் சொசைட்டியில் அதைக் காட்டியபோது, நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே வந்துவிட்டது. உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் எழுந்து, அது சாதாரண உப்புத் தண்ணீர்தான், கடலில் கால் நனைத்தவருக்கு அந்த உணர்வு எப்படியென்று தெரியும் என்கிற பொருளில் பதில் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் தெருவில் அதே சந்தேகம்.

வாலர் பயன்படுத்திய பாதரசக் கருவி மந்தமானது. அதை மாற்றியவர் வில்லெம் ஐந்தோவன் என்ற டச்சுக்காரர். நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் பிறந்தவர்: ஜாவாத் தீவின் செமாராங்கில், 1860-இல். பிறகு ஹாலந்தின் லெய்டனில் பேராசிரியரானார். காந்தத்துக்கு நடுவே முடியைவிட மெல்லிய ஓர் இழையைத் தொங்கவிட்டு, இதயத்தின் மின்சாரம் அதில் ஓடும்போது இழை அசைவதைப் படமெடுத்தார். அந்தக் கருவி சுமார் 270 கிலோ. அதை நோயாளியிடம் கொண்டுபோக வழியில்லை. அதனால் 1905-இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிஃபோன் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்சாரத்தைத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளும் அவர் வைத்ததுதான். 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்து நோயாளிகளும் ஜிம்மி மாதிரியேதான்: இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒட்டுக்குள் ஒரு பணமாற்றுக்காரர்

பாத்திரம் போய் ஒட்டு வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் மட்டும் போகவில்லை; ஒட்டின் நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும் ஜெல்லுக்குள் இருக்கிறது.

தமு எல்லையைத் தாண்டி இந்தியப் பக்கம் இருக்கும் மோரேவுக்குப் போயிருக்கிறீர்களா? நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கிருந்து கிளம்பிப் போய்க் குடியேறிய ஊர். இந்தப் பக்கம் பர்மா சாட், அந்தப் பக்கம் ரூபாய். சாட்டை வைத்துக்கொண்டு அங்கே டீ குடிக்க முடியாது, நடுவில் ஒருவர் மாற்றிக் கொடுக்க வேண்டும். உடம்பின் பணம் அயனி, கம்பியின் பணம் எலெக்ட்ரான். அயனி செம்புக் கம்பிக்குள் நுழையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மாற்றிக் கொடுப்பது மின்முனை.

எந்த உலோகத்தை வைத்தாலும் கொஞ்சம் மாற்றும், ஆனால் பல உலோகங்கள் நாணயமில்லாத வியாபாரிகள். நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறும்; கோடு மேலும் கீழும் அலையும். வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு பூசினால் விலை நிலையாக இருக்கிறது, ஏனென்றால் உடம்பிலும் ஜெல்லிலும் இருக்கும் குளோரைடு அயனி இரண்டு திசையிலும் சிக்கலில்லாமல் கைமாறுகிறது. ஒட்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறமாகத் தெரியும் சின்னப் பொட்டு அதுதான்.

எல்லையில் இன்னொரு தடையும் இருக்கிறது: தோலின் மேல்படலம். செத்த செல்கள் காய்ந்து அடுக்காகக் கிடக்கும் இடம், மின்சாரத்துக்குப் பெரிய தடுப்புச் சுவர். ஜெல் அதை ஊறவைத்து வழி பண்ணுகிறது. பெரியம்மா அன்றைக்கு நெற்றியில் விபூதி, கன்னத்திலும் இரண்டு கையிலும் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து. வெயிலுக்கு இதமாகக் காலையில் கல்லில் உரசிப் பூசியது, மணிக்கட்டு வரை காய்ந்து செதிளாகக் கிடந்தது. சயாமா (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கிளிப்பை அதன் மேலேயே மாட்டிப் பார்த்தார், கோடு காடாக வந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி மாட்டினார். கோடு பாதி அடங்கியது. "கருவி கெட்டுப்போச்சு, வந்து பாருங்க" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் கருவியில் ஒன்றும் இருக்காது. தோல் துடைக்கப்படாமல் இருக்கும், இல்லையென்றால் உறை திறந்தபடி கிடந்து ஒட்டின் ஜெல் காய்ந்திருக்கும்.

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பெரியம்மா வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். அதற்குத் தேவையில்லை. மின்முனையில் படாமல் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும்.

சுருக்கமாக: கருவி இரண்டு இடங்களின் வேறுபாட்டைப் பார்க்கிறது, மின்முனை அயனியை எலெக்ட்ரானாக மாற்றித் தருகிறது, தோல் சுத்தமாக இல்லாவிட்டால் இரண்டும் பாழ்.

மீதிப் பாதி

கோடு பாதிதான் அடங்கியது என்றேன். மீதிக்குக் காரணம் சுவரில் இருந்தது. இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருவது. அந்த ஆட்டம் கம்பிகளைச் சுற்றிக் காற்றிலும் பரவி, நம் உடம்பு ஆன்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்கிறது. நாம் தேடுவது 1 மில்லிவோல்ட். சுற்றி இருப்பது அதைப்போல இரண்டு லட்சம் மடங்குக்கு மேல். எப்படித்தான் ஈசிஜி எடுக்க முடிகிறது?

படகுக்கே திரும்புங்கள். சுவரின் ஆட்டம் ஆற்றின் ஏற்றம் போல. உடம்பு முழுவதையும் சேர்ந்தே தூக்குகிறது, கழித்தால் போய்விடும். இதயத்தின் அலை ஒரு படகை முன்னும் ஒன்றைப் பின்னும் தூக்குகிறது, கழித்தாலும் நிற்கும். அதோடு வலது காலில் மாட்டும் கம்பிக்கும் இங்கே வேலை உண்டு. 12 லீடுகளில் எதிலும் அது சேர்த்தியில்லை. பொது இரைச்சலை அடக்குவது அதன் பொறுப்பு. பல கருவிகள் இந்தக் கம்பி வழியாக, இரைச்சலுக்கு எதிரான மிக மிகச் சின்ன ஒரு தள்ளுதலை உடம்புக்கு அனுப்பும். உணரவே முடியாத அளவு. உடம்புக்கு எதுவுமே போகவில்லை என்று நான் அடித்துச் சொன்னால் என் தொழில் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்.

ஒரு ஒட்டு நன்றாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் இருந்தால் இந்தக் கழித்தல் கெட்டுவிடும். ஒரு படகின் அடியில் ஓட்டை, ஏற்றத்தில் அது ஒழுங்காக எழும்பாது. அப்போது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு. ஈசிஜி காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது, அதனால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நடுக்கம் விழுந்து, கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்துத் தெரியும். அன்று கரண்டு போய், பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சயாமாவிடம் கேட்டுக்கொண்டு கருவியின் பிளக்கைப் பிடுங்கி அதன் சொந்த பேட்டரியில் ஓடவிட்டேன். மயிர் உதிர்ந்து கோடு சுத்தமானது.

அப்படியும் நடுநடுவே ஒழுங்கில்லாத சின்னக் கிறுக்கல். பெரியம்மாவுக்கு ஏசி குளிர், கூடவே பயம். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. தசையும் மின்சாரத்தில்தானே இயங்குகிறது, மின்முனைக்கு அது யாருடைய சத்தம் என்று தெரியாது. சயாமா ஒரு போர்வையைப் போர்த்தி, "ஆன்ட்டி, ஆடாம படுங்க" என்று பர்மியத்தில் சொல்லிக் கையை மெல்ல அழுத்திப் பிடித்தார். பத்து விநாடி, காகிதம் வந்துவிட்டது.

தசை, மூளை, கைக்கடிகாரம்

ஈசிஜிக்குத் தொல்லையாக இருந்த அந்தத் தசைக் கிறுக்கலையே தேடி எடுத்தால் அது ஈஎம்ஜி. முன்னங்கையில் ஒட்டு வைத்து முஷ்டியை மடக்கினால் கோடு சரசரவென்று பெரிதாகும், விட்டால் அடங்கும். கை இழந்தவர்களுக்குப் பொருத்தும் சில செயற்கைக் கைகள் இதை வைத்துத்தான் விரல் மடக்குகின்றன.

மூளையின் ஈஈஜியைப் பற்றித்தான் அதிகக் கட்டுக்கதை. நினைப்பதைப் படித்துவிடும் என்கிறார்கள். தைப்பூசத்தன்று கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நின்று பாருங்கள். உள்ளே ஆயிரம் பேர் ஆளுக்கொரு வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள், சந்தில் ஒன்றும் கேட்காது. எல்லோரும் சேர்ந்து "அரோகரா" என்றால் மட்டும் சுவர் தாண்டி வரும். மண்டையோட்டுக்கு வெளியே ஒட்டிய மின்முனைக்கும் அப்படித்தான். ஏராளமான நரம்புச் செல்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் கேட்கும், அதுவும் மில்லிவோல்ட்டில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான். யார் என்ன வேண்டிக்கொண்டார் என்பது சந்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் கூட்டம் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா, வலிப்பு வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களா என்பது நன்றாகத் தெரியும். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர் 1924-இல் இதை முதலில் மனிதரிடம் பதிவு செய்து, 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 தடவை வரும் ஒரு தாளம், கண்ணைத் திறந்ததும் அடங்குவதை அவர் கவனித்தார்.

கைக்கடிகாரத்தில் பச்சை வெளிச்சம் எரிவதை ஈசிஜி என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்ப்பது. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில கடிகாரங்களில் ஈசிஜியும் இருக்கிறது. அதற்கு மட்டும் மற்றக் கையின் விரலால் கடிகாரத்தைத் தொடச் சொல்லும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்: இரண்டாவது படகு வேண்டுமே.

ஈசிஜிக்குத் தெரியாதவை

இதயத்தின் படம் வேண்டுமென்றால் அது எக்கோ. ஒலி அலையை அனுப்பி எடுப்பது. வால்வு ஒழுகுகிறதா, சுவர் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதெல்லாம் அங்கே நேராகத் தெரியும். ஈசிஜி மின்சாரத்தின் ஒழுங்கைச் சொல்லும்: தாளம் சரியா, பாதையில் எங்காவது அடைப்பா, ஏதாவது ஒரு பகுதித் தசை ரத்தமில்லாமல் தவிக்கிறதா. அதிலும், அந்தப் பத்து விநாடியில் நடந்ததை மட்டும். காலையில் படபடத்து மதியம் அடங்கிய இதயம் சாயங்காலக் காகிதத்தில் சாதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் சிலருக்கு 24 மணி நேரமும் கட்டிக்கொண்டு திரிகிற ஹோல்டர் கருவியைக் கொடுக்கிறார்கள்.

ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும் ஓய்வில் எடுத்த ஈசிஜி நன்றாக வரலாம். மாரடைப்பின் தொடக்கத்தில்கூடச் சிலருக்கு அப்படி வருவதுண்டு. டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஈசிஜி எடுப்பதும் அதற்காகத்தான். எதிர்வீட்டு மாமா போல "எனக்கு ஈசிஜி நார்மல்" என்று காகிதத்தைக் காட்டிவிட்டு நெஞ்சுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவரிடம் இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பெரியம்மாவின் ஈசிஜியைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "பழையது இருக்கா?" இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த ஒன்று இருந்தது. சின்ன வித்தியாசம் ஒன்று தெரிகிறது, அது புதிதாக வந்ததா முன்பே இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து தேடினோம். பெரியம்மா அதைப் பத்திரமாக, பூஜை மாடத்தில் காமாட்சி விளக்குக்குப் பின்னால் சாமி படத்தில் செருகி வைத்திருந்தார். ஈசிஜி காகிதம் சூட்டில் கறுக்கும் காகிதம். கோடு விழுவதே சூட்டால்தான். இரண்டு வருஷ விளக்குச் சூட்டில் பாதி கறுத்து, மீதி வெளுத்து, அதில் கோடு என்று ஒன்றுமில்லை. புதியதை மடிப்பு விழாமல் மேஜையில் விரித்து ஃபோனில் படம் எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் பெரியம்மா விபூதிக் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்றார். "ஆயிடுச்சாடா? குடு, மாடத்துல வைக்கணும்."